கடைசியாக நன்றாகப் பார்த்த நேரம்

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. காலை 5.20-க்கு எழுந்தேன். முதல் நாள் அரைத்த மாவு குளிரில் பொங்கவில்லை. இட்லியை விட்டுவிட்டு தோசை வார்த்தேன். 7.05-க்கு டாலிகஞ்சில் மெட்ரோ ஏறி, 7.40-க்கு வார்டில் கையெழுத்துப் போட்டேன். எட்டுப் படுக்கைகளில் ஆறு பேர். மருந்துக் குளிர்பெட்டியில் நான்கு டிகிரி. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து இரண்டு குப்பிகள். பிறகு வார்டுக் கடிகாரத்தையும் சி.டி. ஸ்கேன் அறைக் கடிகாரத்தையும் ஒப்பிட்டேன். ஸ்கேன் அறையில் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது, திருத்தினேன். பக்கவாதப் பிரிவில் நான் இருந்த ஒன்பது வருடங்களும் காலையில் என் முதல் வேலை இதுதான். ஒன்பதரைக்கு ரவுண்ட்ஸ். பன்னிரண்டுக்கு ஒருவரை வீட்டுக்கு அனுப்பினோம். 1.15-க்குத் தயிர் சாதம்.

2.50-க்கு ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. வலது கை ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கியது. முகத்தைப் பார்த்ததுமே பெயர் சொன்னேன். நிமாய் பாபு. ஒன்பது மாதங்களுக்கு முன் எங்கள் வார்டிலிருந்து நடந்து வெளியே போனவர்.

அந்த நாளைப் பற்றி இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதக் காரணம் மௌமிதா. நான் விருப்ப ஓய்வில் வந்தபின் என் இடத்துக்கு வந்த பெண். போன வாரம் போன் செய்தாள். இந்த ஊரில் அக்காவுக்குத் தீதி, அண்ணனுக்குத் தாதா.

"சாந்தா தீதி, எல்லாம் டேப்லெட்டுக்கு மாறியாச்சு. உங்க பச்சை ரெஜிஸ்டரை ஸ்டோருக்கு அனுப்பணுமாம். ஒரு பக்கத்துல போன் நம்பர் கட்டத்துக்கு மேல தமிழ்ல ஒரு சீட்டு ஒட்டியிருக்கே, அது என்ன? மந்திரம்னு நினைச்சு இத்தனை நாளா யாரும் பிய்க்கலை."

"யார் பார்த்தது-ன்னு எழுதியிருக்கு" என்றேன்.

"என்னத்தை?"

அவளுக்கு வங்காளத்தில் இரண்டு நிமிடம் ஏதோ சொல்லி வைத்தேன். மீதி இது.

அப்பா துறைமுகத்தில் வேலையாகி வங்காளத்தில் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு நான்கு வயது. நர்சிங் படித்ததும் இங்கேதான். பயிற்சி மூன்று வருடம். அதில் பக்கவாதத்துக்கு ஒரு பிற்பகல். அந்தக் காலத்தில் அது போதுமானதாகவும் இருந்தது. பக்கவாதம் வந்தவரைப் பொது மருத்துவ வார்டில் கிடத்துவோம், தரையில் இடம் இருந்தால் தரையில். மூளை நரம்பு நிபுணர் மறுநாளோ அதற்கு மறுநாளோ வருவார். வந்து பார்க்கும்போது பார்ப்பதற்கு மட்டும்தான் மிச்சம் இருக்கும். புரட்டிப் படுக்க வைப்பது, குழாயில் உணவு கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் காப்பது. இருபது வருடத்துக்கு மேல் இதைத்தான் செய்தேன்.

மூளை நரம்பு நிபுணராக டாக்டர் பாதுரி வந்தபின் தனிப் பிரிவு வந்தது. ஒல்லியான பெண்மணி, என்னைவிட மூன்று வயது இளையவர், எப்போதும் கஞ்சி போட்ட பருத்திப் புடவை. வார்டில் உட்கார மாட்டார். நோயாளியின் காலருகே நின்றுகொண்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்க மாட்டார். அவருடைய முதல் கேள்வி ஒன்றே ஒன்று: "கடைசியாக நன்றாகப் பார்த்த நேரம் என்ன?"

கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நாலரை மணி, விழுந்து கிடந்ததைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. நன்றாக இருந்ததை யாரோ ஒருவர் கண்ணால் பார்த்த கடைசி நேரத்திலிருந்து தொடங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணிக்குப் படுத்தவரை ஐந்துக்கு எழுப்பும்போது கை விழுந்திருந்தால், கணக்கு ஐந்திலிருந்து அல்ல, இரண்டிலிருந்து. சாப்பிட்டுத் தூங்கும் இந்த ஊரில் இதைப் புரிய வைப்பதே பாதி வேலை. மீதிப் பாதி காஸ், அதாவது வாயுத் தொல்லை. எது வந்தாலும் முதலில் காஸ் என்பார்கள். காஸ் மாத்திரை, ஓமத் தண்ணீர், பிறகு தெரு முனை மருந்துக்கடைக்காரர், பிறகுதான் நாங்கள்.

"கிட்டத்தட்ட" என்ற சொல்லை டாக்டர் பாதுரி வார்டில் அனுமதிக்க மாட்டார்.

"கிட்டத்தட்ட பதினோரு மணி மேடம்" என்பார் ஒருவர்.

"கார்ப்பரேஷன் குழாயில தண்ணி வந்துக்கிட்டிருந்ததா, நின்னுடுச்சா?"

"நின்னு... கொஞ்ச நேரம் ஆச்சு."

"ஸ்கூல் வேன் வந்துடுச்சா?"

"இல்ல, வேன் வரலை."

"யார் பார்த்தது? நீங்களா, உங்க தங்கையா? தங்கையைக் கூப்பிடுங்க."

இப்படிக் கேட்டுக் கேட்டு நேரத்தை ஒரு மூலைக்குத் தள்ளிப் பிடித்துவிடுவார். பார்த்தவர் பெயர் இல்லாத நேரத்தை அவர் ஏற்றதே இல்லை. "யார் பார்த்தது?" என்று வங்காளத்தில் அவர் கேட்கும் தொனி வார்டில் எல்லோருக்கும் பாடம். ஆயாக்கள் மீன் வாங்கும்போதுகூட, "நேத்து பிடிச்சதுங்கறியே, யார் பார்த்தது?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

பச்சை ரெஜிஸ்டரை வரைந்தது நான். கோடுகளும் கட்டங்களும் என்னுடையவை. கடைசியாக நன்றாகப் பார்த்த நேரம், வந்த நேரம், ஸ்கேன் நேரம், ஊசி நேரம். நேரத்தில் சந்தேகம் வந்தால் பார்த்தவரை உடனே பிடிக்க வேண்டுமே, அதற்காக ஒவ்வொருவர் பக்கத்திலும் மேலேயே ஒரு போன் நம்பர் கட்டம். டாக்டர் பாதுரி அதைப் பார்த்துவிட்டு, "நல்லா யோசிச்சிருக்கீங்க, தீதி" என்றார். அவர் பாராட்டுவது அபூர்வம் என்பதால் அன்றைய டயரியில் அதைக் குறித்து வைத்தேன்.

நிமாய் பாபு முதல் முறை வந்தது 2023 மே 16, செவ்வாய்க்கிழமை. வயது ஐம்பத்திரண்டு. அலிப்பூர் கோர்ட் வாசலில் டைப்பிஸ்ட். கூட்டி வந்தவர் உறவினர் அல்ல; ஹால்தார் என்ற மனுதாரர். இவருடைய மனுவை அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நிமாய் பாபு சரிந்திருக்கிறார். ஹால்தார் அவரை டாக்சியில் ஏற்றி, மெஷினிலிருந்து தாளையும் உருவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மனு தொலைந்துவிடக் கூடாதே என்று.

டாக்டர் பாதுரி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பதினொண்ணு பத்து" என்றார் ஹால்தார்.

"எப்படித் தெரியும்?"

"பதினொன்றரைக்குள்ள மனுவைக் கொடுத்தாகணும் மேடம். நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். பதினொண்ணு பத்துக்கு 'இன்னும் எவ்வளவு தாதா?'ன்னு கேட்டேன். 'ரெண்டே பாரா'ன்னு தெளிவா சொன்னார்."

பிறகு அந்தத் தாளைக் காட்டினார். டாக்டர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டாவது பாராவில் மூன்றாவது வரி வரை எல்லா எழுத்தும் ஒரே அழுத்தம். நான்காவது வரியில் வலது கை அடிக்க வேண்டிய எழுத்துகள் மட்டும் மங்கியிருந்தன. ஐந்தாவது வரியில் அவை இல்லவே இல்லை. இடது கையின் எழுத்துகள் மட்டும் இடைவெளி விட்டு விட்டு நின்றன. ஆறாவது வரி இல்லை.

"இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைச்சதில்லை" என்றார் டாக்டர்.

வந்த நேரம் 11.52. சர்க்கரை 138. ரத்த அழுத்தம் 204-க்கு 112. அந்த அளவில் ஊசி போட முடியாது. அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டு ஸ்கேனுக்குத் தள்ளினோம். 12.09-க்குப் படம். ரத்தக் கசிவு இல்லை. 12.24-க்கு அழுத்தம் 178-க்கு 100. எடையை மூன்று பேர் தனித்தனியே மதிப்பிட்டு நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வது எங்கள் முறை, அறுபத்திரண்டு கிலோ. கையெழுத்துப் போட உறவினர் இல்லாததால் இரண்டு டாக்டர்கள் போட்டார்கள். 12.31-க்குப் பத்தில் ஒரு பங்கு மருந்தை ஒரே நிமிடத்தில் செலுத்தினேன். மீதி ஒரு மணி நேரத்துக்குப் பம்பில்.

ஹால்தார் கதவருகே நின்று, "மீதி ஒன்றரை பாராவை யார் அடிப்பாங்க மேடம்?" என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம் கழிச்சு அவரையே கேளுங்க" என்றார் டாக்டர். வார்டே சிரித்தது.

2.15-க்கு நிமாய் பாபு வலது கையைத் தூக்கினார். மாலையில் தன் பெயரைச் சொன்னார். அவருடைய மனைவி ஷிப்ரா நான்கு வீடுகளில் சமையல் வேலை செய்பவர். கோர்ட்டிலிருந்து ஆள் போய்ச் சொல்லி ஐந்தரைக்கு வந்தார். அவரிடம் போன் இல்லை. வீட்டுக்கு ஒரே போன், அது நிமாய் பாபுவுடையது, கோர்ட் மேஜையிலேயே கிடந்தது. ரெஜிஸ்டரில் போன் நம்பர் கட்டம் காலையிலேயே நிரம்பிவிட்டது, ஹால்தாருடைய நம்பரால். நிரம்பிய கட்டத்தை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

மே 22 அன்று வீட்டுக்கு அனுப்பினோம். என் மேஜை விளிம்பில் பத்து விரல்களாலும் தட்டிக் காட்டினார். "முப்பது வார்த்தை வேகம் வந்துடுச்சு, தீதி. நாற்பது வந்தா உங்களுக்கு ஒரு மனு இலவசம்."

"யார் மேல மனு போடட்டும்?"

"உங்க கடிகாரம் மேல போடுங்க. எத்தனை தரம் பார்க்கறீங்க!"

மாத்திரைகளை விளக்கினேன். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. வெளிநோயாளிப் பிரிவில் நரம்பு நிபுணர் பார்ப்பது புதன்கிழமை மட்டும் என்றேன்.

அவர் முகம் மாறியது. "புதன்கிழமை ஒரு நாள் முழுக்கப் போயிடுமே. மேஜையைக் காலியா விட்டா அடுத்த ஆள் உட்கார்ந்துடுவான்."

"முடிஞ்சவரை வாங்க. எப்படியும் நாங்க போன் பண்ணுவோம். ஒரு மாசம், மூணு மாசம், ஆறு மாசம். ஏதாவது தப்பா இருந்தா அப்ப சொல்லிடலாம்."

இதைச் சொன்னது நான்தான்.

சொன்னபடி போன் செய்தேன். ஜூன் 16, ஆகஸ்ட் 16, நவம்பர் 16. தேதி தவறவில்லை. ஒரே நாளில் பல பேருக்குப் போட வேண்டியிருக்கும். எடுத்தவர் குரல் யாருடையது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

"நிமாய் பாபு வீடா? நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார், தீதி, ரொம்ப நல்லா இருக்கார்."

"நடக்கறாரா?"

"நடக்கறாராவா? ஓடறார்!"

"மாத்திரை?"

"சாப்பிடாம இருப்பாரா?"

கட்டத்தில் "நலம்" என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன். மூன்று முறை.

இனி அந்தத் திங்கட்கிழமை 2.50-க்கு வருகிறேன். ரத்த அழுத்தம் 232-க்கு 124. ஷிப்ரா கூடவே ஓடிவந்தார். டாக்டர் பாதுரி அவருடைய கேள்வியைக் கேட்டார்.

"ரெண்டே காலுக்கு வந்து பார்த்தேன், தரையில கிடந்தார்" என்றார் ஷிப்ரா.

"அதுக்கு முன்னாடி?"

"காலைல ஆறுக்கு நான் வேலைக்குப் போகும்போது தூங்கிட்டு இருந்தார். கனத்த போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தார்."

"முகத்தைப் பார்த்தீங்களா? பேசினாரா?"

ஷிப்ரா தலையசைத்தார். இல்லை.

"நன்றாகப் பார்த்தது எப்போ?"

"முந்தின நாள் ராத்திரி ரொட்டி சாப்பிட்டார். ஒன்பதரை இருக்கும்."

நான் எழுதினேன். பதினேழு மணி இருபது நிமிடம். ஸ்கேனில் இடது மூளையில் பெரிய பகுதி ஏற்கெனவே இறந்திருந்தது. ஊசிக்கும் நேரமில்லை, குழாய் விட்டுக் கட்டியை எடுக்க வேறு இடத்துக்கு அனுப்பவும் வழியில்லை. பம்ப்பை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"மாத்திரை சாப்பிட்டாரா?" என்று ஷிப்ராவைக் கேட்டேன்.

"ஆறு மாசமா இல்ல. ரெண்டு புதன்கிழமை வந்தார், தீதி. ஒரு தரம் டாக்டரைப் பார்க்கற சீட்டு தீர்ந்துடுச்சு. இன்னொரு தரம் மூணு மணி வரைக்கும் நின்னுட்டுத் திரும்பி வந்தார். அப்புறம் அவரே ஒரு கணக்குப் போட்டுக்கிட்டார்."

"என்ன கணக்கு?"

"போனை மெஷின் பக்கத்துலயே வெச்சிருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவாங்க, தீதி சொல்லியிருக்காங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்வார். ஒரு மாசம் ஆச்சு, மூணு மாசம் ஆச்சு, நீங்க கூப்பிடலை. 'அவங்க கூப்பிடலைன்னா எல்லாம் சரியாயிடுச்சுன்னு அர்த்தம், ஷிப்ரா. சந்தேகம் இருக்கறவனைத்தான் கூப்பிடுவாங்க'ன்னு மாத்திரையை நிறுத்திட்டார்."

ரெஜிஸ்டரை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். மூன்று "நலம்". மேலே இருந்த நம்பரை ஷிப்ராவிடம் படித்தேன். "இது யாரோடது?" என்றார் அவர்.

அங்கேயே அந்த நம்பருக்குப் போட்டேன். ஒலிபெருக்கியை அழுத்தினேன்.

"ஆ, தீதி! நம்ம டைப்பிஸ்ட் தாதாவா? ரொம்ப நல்லா இருக்கார்!"

"நீங்க யார் பேசறது?"

"ஹால்தார். நான்தானே அன்னிக்கு டாக்சியில கொண்டுவந்தேன்?"

"அவரைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"ஜூன் மாசம் ஒரு நாள். டக் டக்னு அடிச்சுக்கிட்டு இருந்தார். அதுக்கப்புறம் என் கேஸ் முடிஞ்சுடுச்சு, அந்தப் பக்கம் போகலை." பிறகு குரல் தணிந்து, "ஆஸ்பத்திரியிலிருந்து நலம் விசாரிச்சா நல்லா இருக்கார்னுதானே தீதி சொல்லணும்? வேற எப்படிச் சொல்றது?" என்றார்.

அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை. ஒரு மனிதனைக் காப்பாற்றினோம் என்ற பெருமையில் மூன்று முறையும் மனப்பூர்வமாகப் பதில் சொன்னவர் அவர். ஷிப்ரா அழவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நீங்க கூப்பிட்டீங்க" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் பாதுரி ரெஜிஸ்டரை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு "நலம்" மேல் விரலை வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"தீதி, இது யார் பார்த்தது?"

ஒன்பது வருடங்களாக நான் மற்றவர்களிடம் கேட்டு வந்த கேள்வி. அவர் உட்கார்ந்தார். வார்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். "நானும் ஆறு மாசமா இந்தப் பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார்.

மாலையில் நான் கிளம்பும்போது நிமாய் பாபுவின் இடது கை விரல்கள் விரிப்பின் மேல் அசைந்துகொண்டிருந்தன. ஷிப்ரா என் கையைப் பிடித்து இழுத்து, "பாருங்க, டைப் அடிக்கறார்" என்றார். அது டைப் இல்லை, அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு வரும் அமைதியின்மை. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அவர் இறக்கவில்லை. பதினோரு நாள் கழித்து பவானிபூரில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பேச்சு வரவில்லை. பிஸியோதெரபிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மாடி இறக்கிக் கொண்டுவர ஆள் இல்லை. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். ஷிப்ரா இரண்டு வீட்டு வேலையை விட்டிருந்தார். டைப்ரைட்டர் மூலையில் மூடி போட்டு இருந்தது. மூன்றாவது முறை போகத் துணிவில்லை. இதையும் டயரியில் எழுதியிருக்கிறேன்.

ரெஜிஸ்டரைத் திருத்தினேன். நோயாளியின் நம்பருக்கு ஒரு கட்டம், வீட்டாருடையதற்கு ஒன்று, உறவு என்ன என்று ஒன்று. அதன் பிறகு போன் செய்தால் உண்மை தெரிய ஆரம்பித்தது: மாத்திரை தீர்ந்துவிட்டது, சீட்டுக் கிடைக்கவில்லை, கூட்டி வர ஆள் இல்லை. எழுதிக்கொண்டேன். எழுதுவதைத் தவிர என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. இரண்டாவது வெளிநோயாளி நாளும், வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஒரு நர்ஸும் கேட்டு டாக்டர் பாதுரி மூன்று கடிதம் எழுதினார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அவரை இடம் மாற்றினார்கள். நான் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். டேப்லெட்டில் எத்தனை போன் கட்டம் இருக்கிறது என்று மௌமிதாவிடம் கேட்டேன். நான்கு என்றாள். வெளிநோயாளிப் பிரிவு எந்த நாள் என்று கேட்டேன். "அதே புதன்தான், தீதி."

சீட்டை ஒட்டியது 2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. 7.40-க்குக் கையெழுத்துப் போட்டேன். கடிகாரங்களிடம் போகவில்லை. ரெஜிஸ்டரைப் பிரித்து, அன்று போன் செய்ய வேண்டியவர்களில் முதல் பெயரை எடுத்தேன். மூன்று மாதங்களுக்கு முன் ஊசி போட்டு, வீட்டுக்குப் போன மீன் விற்கும் அம்மா, வயது அறுபத்தொன்று. முதல் மாதக் கட்டத்தில் "நலம்" என்று என் கையெழுத்து. நம்பரைப் போட்டேன். ஓர் ஆண் எடுத்தார். பின்னால் ஹாரன் சத்தம்.

"ஆஸ்பத்திரியிலிருந்தா? நல்லா இருக்காங்க, தீதி, நல்லா இருக்காங்க."

"நீங்க அவங்களைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"அன்னிக்கு உங்க வாசல்ல இறக்கி விட்டப்போதான். நான் ஆட்டோக்காரன், தீதி."

அதே பக்கத்தில் அந்த அம்மா வந்த நேரத்தைப் பார்த்தேன். "நலம்" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: ஆட்டோக்காரர் கடைசியாகப் பார்த்த நேரம், 2023 நவம்பர் 13, காலை 10.20.